தொட்டி நிறையும் வரை

ஜன்னல் ஓரம் நீங்களே உட்காருங்கள், தம்பி. எனக்கு இந்தப் பக்கம்தான் வசதி. வீரவநல்லூரில் இறங்க வேண்டும், எழுந்து போகச் சுலபம். நீங்கள் அம்பாசமுத்திரத்துக்கு டிக்கெட் கேட்டது காதில் விழுந்தது. அதனால்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வீரவநல்லூர் வர ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு விஷயத்தைத் தீர்மானிக்க வேண்டும். தனியாக இருந்தால் தீர்மானிக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

பேசுவது ஒரு மாதிரி இருக்கிறதா? நான் இப்படித்தான் பேசுவேன். முப்பத்தொரு வருஷம் நாளிதழில் வேலை பார்த்தவன். "வீட்டுலயாவது மனுசங்க பேசுத மாதிரி பேசுங்களேன்" என்பாள் வடிவு. என் மனைவி.

நீங்கள் காலை நாலு மணிக்கு எழுந்து எழுதியிருக்கிறீர்களா? எதையாவது? சரி, விடுங்கள்.

ஓய்வு பெற்ற மறு மாதமே ஆரம்பித்தேன். என் அனுபவங்களைப் புத்தகமாக எழுதுவதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அதிகாலையில் எழுந்து எழுதினால் வாக்கியம் தானாக வரும் என்று ஞாயிறு மலரில் எத்தனை கட்டுரைகளுக்குத் தலைப்புப் போட்டிருப்பேன்! அலாரம் வைத்து எழுந்தேன். குளித்தேன். வடிவு எனக்கு முன்னால் எழுந்து காப்பி வைத்திருந்தாள். மேஜை, விளக்கு, வெள்ளைத் தாள். எல்லாம் இருந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. முதல் வாரம் பேனாவுக்கு மை போட்டேன். இரண்டாவது வாரம் மேஜையைக் கிழக்குப் பக்கம் திருப்பினேன். நாற்பது நாளில் எழுதியது ஒன்றரைப் பக்கம், அதிலும் அரைப் பக்கம் சமர்ப்பணம்.

காரணம் என்ன தெரியுமா? அமைதி. நான் ஆயுள் முழுக்கச் சத்தத்தில் எழுதியவன். ஒரு பக்கம் போன் அடிக்கும், ஒரு பக்கம் செய்தி ஆசிரியர் தலைக்கு மேலே நிற்பார். "மேட்டர் எங்கவே? பக்கம் அச்சுக்குப் போகணும்" என்று கத்துவார். கை தானாக ஓடும். டெட்லைன் இல்லாமல் எனக்கு ஒரு வரி வராது. வீட்டில் யார் கத்துவார்கள்? வடிவிடம் சொல்லிப் பார்த்தேன். "உங்களப் பாத்துக் கத்தணும்னா எனக்கு நேரங்காலம் எதுக்கு?" என்றாள்.

பாளையங்கோட்டையில் எங்கள் ஃபிளாட்ஸில் பதினாறு வீடுகள். நான் மூன்றாவது மாடி, மேலே மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. மாநகராட்சித் தண்ணீர் ராத்திரியில் கீழே நிலத்தொட்டிக்கு வரும். வாட்ச்மேன் நாலு மணிக்கு மோட்டார் போட்டு மேலே ஏற்றுவார். மேல்தொட்டி நிறைந்தால் வழிகிற தண்ணீர் என் ஜன்னலுக்கு மேல் இருக்கிற சன்ஷேடில் தொபதொபவென்று விழும். அந்தச் சத்தம் கேட்டதும் வாட்ச்மேன் மோட்டாரை அணைப்பார்.

ஒருநாள் தற்செயலாகத்தான் பிடிபட்டது. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் எழுத உட்கார்ந்தேன். தண்ணீர் விழும்போது பார்த்தால் இரண்டு பக்கம். கடிகாரத்தைப் பார்த்தேன், ஐம்பது நிமிஷம். மறுநாளும் அதே. தொட்டி நிறைவதற்குள் முடிக்க வேண்டும் என்று நினைத்தால் போதும், கை ஓடுகிறது. ஆனால் வாட்ச்மேன் ஒருநாள் மூன்றே முக்காலுக்குப் போடுவார், ஒருநாள் நாலரைக்கு. நமக்கு அது சரிப்படாது இல்லையா? கீழே இறங்கிப் போய்ச் சொன்னேன்.

அவர் பெயர் இசக்கியப்பன். அறுபது வயது. சொந்த ஊர் வீரவநல்லூர். கேட் பக்கத்து அறையில் தனியாக இருந்தார், ஆறு வருஷமாக. "இனிமே மோட்டார நான் பாத்துக்கிடுதேன், நீரு ஆறு மணி வரைக்கும் உறங்கும்" என்றேன்.

"ஃபிளாட்ஸ் செயலாளர் ஐயா ஏசுவாகளே சார்."

"அவருக்கு ஏன் தெரியணும்?"

அதைச் சொன்னது நான்தான். குறித்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் அறைச் சாவியைக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "சார், நிலத்தொட்டி மூடியத் தூக்கி, டார்ச் அடிச்சு, ஒரு பார்வை பாத்துட்டுத்தான் போடணும். சில நாளு தண்ணி வராது. தண்ணி இல்லாமப் போட்டா மோட்டார் எரிஞ்சிரும்."

ஐந்து மாதம் பார்த்தேன். முழுசாக ஐந்து மாதம். அந்த மூடி கனமான இரும்பு மூடி, தம்பி. குனிந்து தூக்கினால் இடுப்பில் பிடிக்கும். எல்லா நாளும் தண்ணீர் இருந்தது. அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள் பார்த்தேன். அப்புறம்...

அந்த ஆறு மாதம் என் வாழ்க்கையிலேயே பொற்காலம். தினம் இரண்டு பக்கம். ஃபிளாட்ஸ் பொங்கல் விழாவில் என்னைப் பேச வைத்தார்கள். "நாலு மணிக்கு எழுந்தால் வாழ்க்கை மாறும்" என்று பேசினேன். கைதட்டினார்கள். இரண்டாவது மாடி அம்மா தன் மகளிடம் "மாடித் தாத்தா வீட்டுல நாலு மணிக்கே லைட் எரியுது பாரு, நீயும் இருக்கியே" என்று திட்டுவது எனக்கே கேட்கும். சந்தோஷமாக இருக்கும். பொய் சொல்ல மாட்டேன்.

இது பேட்டைதானே? நேரம் இருக்கிறது.

அன்றைக்குக் காலையில் எழுந்திருக்கும்போதே தலைக்குள் ஒரு வாக்கியம் இருந்தது. வெள்ளத்தைப் பற்றிய அத்தியாயம். ஆற்றுத் தண்ணீர் ஊருக்குள் வந்த ராத்திரி நான் படகில் போய்ச் செய்தி எடுத்தது. ஒரு வாரமாக முதல் வரி கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தேன், அன்றைக்குக் கிடைத்துவிட்டது. சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். குனிந்து மூடியைத் தூக்கினால் வாக்கியம் போய்விடும் என்று பயம். நேராகப் போய் சுவிட்சைத் தட்டிவிட்டு மேலே வந்து உட்கார்ந்தேன்.

எழுதினேன், தம்பி. அப்படி ஒருநாளும் எழுதியதில்லை. இரண்டு பக்கம் முடிந்தது, தண்ணீர் விழவில்லை. பரவாயில்லை, இன்னும் நேரம் இருக்கிறது என்று மூன்றாவது பக்கம். நாலு. ஐந்து. கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை, நான்தான் சத்தத்துக்குப் பழகியவன் ஆயிற்றே. செய்தி ஆசிரியர் கத்தாமல் விட்டால் எவனாவது தானாக நிறுத்துவானா? பதினோரு பக்கம். வெள்ளம் தெருத் தெருவாக ஏறுகிறது. பள்ளிக்கூடக் கூரையில் ஜனங்கள் நிற்கிறார்கள். அப்போதுதான் ஏதோ கருகுகிற வாடை வந்தது. வடிவு அடுப்பில் ஏதோ வைத்துவிட்டாள் என்று நினைத்து, "அடுப்பப் பாரு" என்று சத்தம் போட்டுவிட்டுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்தேன்.

நிலத்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு மணி நேரம் மோட்டார் வெறுமனே ஓடி, உள்ளே இருக்கிற காயில் கம்பி எரிந்துவிட்டது. பதினாறு வீட்டிலும் குழாயைத் திறந்தால் காற்று.

தண்ணீர் ஏன் வரவில்லை? பிரதான குழாயில் பழுது. அது முந்தின நாள் பேப்பரிலேயே வந்திருந்தது. உள்ளூர்ப் பக்கத்தில், சின்னப் பெட்டிச் செய்தி. 'நாளை குடிநீர் வராது.' எங்கள் ஏரியா பெயரோடு. பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். பார்த்தேன். அதில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு நான் பேப்பர் படிப்பதே பிழை பார்க்கத்தான். வட்டம் போட்டேன், மடித்து வைத்தேன். என்ன செய்தி என்று மண்டையில் ஏறவில்லை.

அன்று சாயங்காலம் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் கூட்டம் போட்டார்கள். சங்கச் செயலாளர் ஜெயசிங், மின்வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். மோட்டாரைத் திறந்து பார்த்து, "தண்ணி இல்லாம ரெண்டு மணி நேரம் ஓடியிருக்கு" என்று சொல்லிவிட்டார். இசக்கியப்பனை நடுவில் நிறுத்தினார்.

"எத்தன மணிக்குவே போட்டீரு?"

"நாலு மணிக்குப் போட்டது சார்."

"தொட்டிய எட்டிப் பாத்தீரா?"

இசக்கியப்பன் நிலத்தொட்டிப் பக்கம் திரும்பினார்.

"போட்டுட்டு உறங்கிட்டீரு. அப்படித்தான?"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு தடவைதான். நான் எழுந்தேன். இதைக் கவனியுங்கள், தம்பி, நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். சொல்லத்தான் எழுந்தேன். ஜெயசிங் கையைத் தூக்கி, "இருங்க இருங்க, ஆவுடையப்பன் சார் என்னமோ சொல்ல வாராக" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். பொங்கல் விழாவில் கைதட்டின அதே முகங்கள். அந்த இரண்டாவது மாடிப் பெண்குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ராத்திரிக்குத் தண்ணி லாரி சொல்லியாச்சா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"ஆமா சார், உறங்கிட்டேன்" என்றார் இசக்கியப்பன். ஜெயசிங்கிடம்தான் சொன்னார்.

அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எழுதப் போய் இப்படி ஆச்சு என்று எழுத்தின் மேலேயே பழி விழுந்திருக்கும். அந்தக் குழந்தை காலையில் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. இதையெல்லாம் யோசிக்க வேண்டும் இல்லையா? இரண்டு நாளில் ஜெயசிங்கைத் தனியாகப் பார்த்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தேன்.

மறுநாள் அவரே என் வீட்டுக்கு வந்தார். நோட்டீஸ் எழுத. வேலையை விட்டு அனுப்புகிற நோட்டீஸ். "நான் எழுதுனா முரடா இருக்கும் சார், நீங்க கொஞ்சம் நல்ல தமிழ்ல எழுதித் தாங்க" என்றார். அவர் எழுதி வந்ததில் தூக்கம், அலட்சியம், பொறுப்பின்மை என்று மூன்று வார்த்தை இருந்தது. நான் மூன்றையும் அடித்துவிட்டு 'கவனக்குறைவு' என்று ஒரே வார்த்தை போட்டேன். அந்த மனுஷனுக்கு நான் செய்த உபகாரம் அது. காலை நாலு மணிக்கு உட்கார்ந்து எழுதினேன். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை, ஆனாலும் பத்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நாலு வரி. ஒரு திருத்தம் கிடையாது.

அன்று மத்தியானம் இசக்கியப்பன் அந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். கண்ணில் புரை, எழுத்துத் தெரியவில்லை. "என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லுங்க சார்."

வாசித்தேன். என் எழுத்தை நானே, அவர் முன்னால் நின்று. நாலு வரிதானே, சீக்கிரம் முடிந்துவிட்டது. கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்காக சார்" என்றார். மோட்டார் அறைச் சாவி இன்னும் என்னிடம்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டு, "நீங்க எழுதுதத விட்டுராதீக" என்றார். பெரிய மனசு. அந்த வார்த்தையை நான் ஆசீர்வாதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வடிவு அடுப்படியில் இருந்தாள். அவர் போன பிறகு வெளியே வந்து, "அன்னைக்கு நீங்கதான போட்டீங்க?" என்றாள். "எழுதிட்டிருக்கேன்" என்றேன். நிஜமாகவே பேனா கையில் இருந்தது. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாலு மணிக் காப்பியும் நின்றுவிட்டது. பாவம், அவளுக்கு முழங்கால் வலி. நானே போட்டுக்கொள்கிறேன்.

பத்தமடை தாண்டிவிட்டதா? சரி.

எட்டு மாதம் ஆகிறது. புது மோட்டாருக்குத் தானாக நிற்கிற சுவிட்ச் வைத்துவிட்டார்கள். தண்ணீர் வழிவதே இல்லை. வெள்ளம் பதினோராம் பக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் பழக்கம் விட்டுப் போகவில்லை, தம்பி. அலாரம் கூட வேண்டாம், நாலு மணிக்கு டக்கென்று முழிப்பு வருகிறது. தினமும் உட்காருகிறேன். தினமும் எழுதுகிறேன். என்ன எழுதுகிறேன் என்றால், ஒரு கடிதம். சங்கச் செயலாளர் அவர்களுக்கு. மோட்டாரைப் போட்டது நான், இசக்கியப்பன் அல்ல என்று. ஒரு நாளும் தவறியதில்லை. தீபாவளி அன்றைக்கும் எழுதினேன். காய்ச்சலிலும் எழுதினேன். மேஜை இழுப்பறை நிறைந்து, இப்போது துணி அலமாரியில் ஒரு தட்டு. அனுப்பவில்லை. ஆரம்பம் சரியாக அமையவில்லை. 'கனத்த இதயத்துடன்' என்று தொடங்கினால் நாடகமாக இருக்கிறது. நேராகத் தொடங்கினால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

முந்தாநாள் போன் வந்தது. இசக்கியப்பன். எட்டு மாதம் கழித்து முதல் தடவை.

"சார், நல்லாயிருக்கீகளா? எழுதுதீகளா?"

"எழுதுதேன்."

"அம்பையில ஒரு கல்யாண மண்டபத்துல வாச்மேன் வேல இருக்கு சார். தங்க எடமும் தாராக. மேனேஜரு, பழைய எடத்துல எதுக்கு நிப்பாட்டுனாகன்னு கேக்காரு. ஜெயசிங் ஐயாவுக்கு போன் போட்டுருக்காரு, அவுக மோட்டார் எரிஞ்ச கதையச் சொல்லிட்டாக. ராத்திரி முழிச்சிருக்க வேண்டிய வேலைக்கு உறங்குத ஆளு எதுக்குங்காரு. நீங்க நாலு வரி எழுதித் தந்தா நம்புவாரு சார். பேப்பர்ல இருந்தவுக. வியாழக்கெழம பதினோரு மணிக்குள்ள குடுக்கணும். நான் வந்து வாங்கிக்கிடுதேன்."

ஃபிளாட்ஸுக்கு அவர் வருவதா? எல்லாரும் என்னவென்று கேட்பார்களே. "நீரு வராண்டாம், நானே கொண்டாரேன்" என்றேன். அதற்கு அவர், "எனக்காக நீங்க பஸ் ஏறி வாரீகளா சார்" என்றார். அந்த ஒரு வார்த்தை இரண்டு நாளாக என்னைத் தூங்க விடவில்லை.

இன்றுதான் வியாழக்கிழமை. பதினோரு மணி டெட்லைன். நாலு மணிக்கு உட்கார்ந்தேன், நாற்பதே நிமிஷம். எட்டு மாதமாக வராதது வந்துவிட்டது. இரண்டு கடிதம்.

இதோ, இந்தப் பையில் இருக்கிறது. இந்தப் பழுப்பு உறையில் இருப்பது நாலு வரி. இசக்கியப்பன் ஆறு ஆண்டுகள் எங்கள் குடியிருப்பில் பணிபுரிந்தார், நேர்மையானவர், மரியாதையானவர், அவருக்கு வேலை கொடுப்பவர்கள் பயன்பெறுவார்கள் என்று. ஒரு வார்த்தை பொய் கிடையாது. மோட்டார் என்ற சொல்லே கிடையாது.

இந்த வெள்ளை உறையில் மற்றது. இரண்டு பக்கம். மண்டப மேனேஜருக்கு. நடந்தது நடந்தபடி. சாவி, மூடி, பேப்பர் செய்தி, கூட்டம், நோட்டீஸ் எழுதியது, வாசித்தது, எல்லாம். கீழே என் கையெழுத்து, போன் நம்பர்.

எதைக் கொடுக்கலாம்?

நீங்கள் வெள்ளை உறை என்கிறீர்கள். வடிவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். அதனால்தான் அவளிடம் கேட்கவில்லை. நாலு வரியை வைத்துக்கொண்டு மேனேஜர் என்ன செய்வார், மோட்டார்க் கதைக்கு அதில் பதில் இல்லையே என்கிறீர்கள். சரிதான். எனக்குத் தெரியாதா? ஆனால் மேனேஜர் இதைப் படித்தவுடன் ஜெயசிங்குக்குத்தான் போன் போடுவார். ஜெயசிங் பதினாறு வீட்டுக்கும் சொல்வார். அந்தக் குழந்தை... சரி. சரி. கொடுத்துவிடுகிறேன். நான் எதற்கு இவ்வளவு தூரம் வந்தேன்? வெள்ளை உறையைத்தான் கொடுக்கப்போகிறேன். முடிவாகிவிட்டது. நன்றி, தம்பி. யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

சேரன்மகாதேவியில் இவ்வளவு நேரமா நிறுத்தினான்? கிளம்பிவிட்டான். இனிமேல் பத்து நிமிஷம்தான்.

ஒரே ஒரு சந்தேகம். இரண்டாவது பத்தியில் 'ஆனால்' மூன்று தடவை வந்திருக்கிறது. காலையில் கவனிக்கவில்லை, அவசரம். கூட்டத்தைச் சொல்கிற இடமும் கொஞ்சம் நீளம். நான் நாற்காலியை விட்டு எழுந்ததை எழுதியிருக்கிறேன், அது தேவையா என்று தெரியவில்லை. இன்னொரு காலை கிடைத்தால் சரியாக்கிவிடுவேன். ஒரே ஒரு காலை.

அதோ, பார்த்தீர்களா? அந்தப் பழக்கடைப் பக்கம். வெள்ளைச் சட்டை, கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டு. அதுதான் இசக்கியப்பன். எந்தப் பஸ் என்று தெரியாமல் எல்லாப் பஸ்ஸுக்கும் கையைத் தூக்குகிறார் பாருங்கள். புரை இன்னும் எடுக்கவில்லை போல. எத்தனை மணிக்கு வந்து நிற்கிறாரோ. எங்கள் இரண்டு பேருக்கும் சீக்கிரம் எழுந்திருக்கிற பழக்கம்.

வாரேன், கண்டக்டர், இறங்குதேன், ஒரு நிமிஷம்!

தம்பி, இதைப் பிடியுங்கள். வெள்ளை உறை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் இப்போதைக்கு நாலு வரியைக் கொடுத்துவிடுகிறேன். அதில் ஒரு பிழையும் இல்லை, பார்த்துவிட்டேன். இதை வீட்டுக்குப் போய் நிதானமாகப் படியுங்கள். நடை எப்படி இருக்கிறது, எங்கே தொய்வு என்று சொல்லுங்கள். உறை மேலே மண்டபத்தின் பெயர், விலாசம் எல்லாம் இருக்கும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம்.

அவர் இதே பஸ்ஸில்தான் அம்பாசமுத்திரத்து மண்டபத்துக்கு வருவார். என் இடம் காலிதானே, பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கண் தெரியாது, இறங்கும்போது கொஞ்சம் கையைப் பிடித்துவிடுங்கள்.

என் நம்பர் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் கூப்பிடுங்கள். எப்போது வேண்டுமானாலும். நாலு மணிக்கே முழித்திருப்பேன்.